ட்ரோன் படம் அழகாகத்தான் இருக்கிறது, மண்ணுக்குள் என்ன?

மூடிக்கிடக்கும் தொழிற்சாலை நிலத்தை என்ன செய்யலாம் என்று பேச்சு எழுந்தாலே, இப்போதெல்லாம் முதலில் வந்து நிற்பது ட்ரோன்தான். சீக்கிரமே ஒரு முப்பரிமாண மாதிரியைத் திரையில் சுழற்றிக் காட்டிவிடுகிறார்கள். அதைப் பார்த்ததுமே கூட்டத்தில் பாதிப்பேர் மனதுக்குள் அடுக்குமாடி எழுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்குப் பயமே அங்கேதான்.

ட்ரோன் வேண்டாம் என்று சொல்லவில்லை. இற்றுப்போன ஆஸ்பெஸ்டாஸ் கூரை, புதருக்குள் மறைந்திருக்கும் மூடியில்லாத குழி, எப்போது சரியும் என்று தெரியாத புகைபோக்கி. இங்கெல்லாம் ஆளை அனுப்பாமல் கேமராவை அனுப்புவது புத்திசாலித்தனம். துல்லியத்துக்கும் குறைவில்லை. சுமார் 100 மீட்டர் உயரத்தில் பறக்கும் வழக்கமான சர்வே ட்ரோனின் படத்தில் ஒரு பிக்சல் என்பது தரையில் 3 சென்டிமீட்டர் அளவுதான். அடுத்தடுத்த படங்கள் 70, 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்து, தரையில் அளந்து வைத்த குறிகளோடு பொருத்தினால், இடிபாட்டு மேட்டில் எத்தனை கன மீட்டர் கிடக்கிறது என்றுகூடச் சொல்லிவிடலாம். ("எங்க ட்ரோன்லயே ஆர்டிகே இருக்கு, தரைக்குறி எதுக்கு?" என்பார்கள் சிலர். செயற்கைக்கோள் காட்டும் இடத்தை உடனுக்குடன் சென்டிமீட்டர் அளவுக்குத் திருத்தும் வசதி அது. அவர்களிடம் சரிபார்ப்புப் புள்ளிகளின் கணக்கை, அதாவது தரையில் தனியே அளந்த சில இடங்களோடு படம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் கேளுங்கள். பெரும்பாலும் உயரக் கணக்கில்தான் உதைக்கும்.)

புதர் மண்டிய இடத்தில் கேமரா பார்ப்பது இலைகளின் மேற்பரப்பை. தரைமட்டம் வேண்டுமென்றால் லைடார் வேண்டும்; அது லேசர் ஒளியை அனுப்பித் தூரம் அளக்கும் கருவி, அந்த ஒளி இலை இடுக்குகள் வழியே தரைக்கு இறங்கும். சரி, அதையும் வாங்கிவிட்டோம் என்று வையுங்கள். அப்போதும் தெரிவது தரைதான். புதைத்துவிட்டுப்போன எண்ணெய்த் தொட்டி தெரியாது. மண்ணில் ஊறிய ஈயமும் ஆர்செனிக்கும் தெரியாது. உலோகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப் பயன்பட்ட ட்ரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனமானவை. நிலத்தடி நீரையும் தாண்டிக் கீழே இறங்கித் தங்கிவிடும். எந்த கேமராவுக்கும் அது எட்டாது.

அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரத்து லவ் கனால் கதை இதுதான். வெட்டிப் பாதியில் விட்ட ஒரு கால்வாயில் 1942 முதல் சுமார் பத்தாண்டுகள் ஒரு ரசாயன நிறுவனம் ஏறத்தாழ 21,000 டன் கழிவைக் கொட்டியது. மேலே மண்ணைப் போட்டு மூடி, 1953-ல் பள்ளி நிர்வாகத்துக்கு 1 டாலருக்கு விற்றது. பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978-ல் அதிபர் கார்ட்டர் அவசரநிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. 1960-களில் அங்கே ஒரு ட்ரோன் பறந்திருந்தால் புல்வெளியையும் பள்ளிக் கட்டடத்தையும் சென்டிமீட்டர் சுத்தமாகக் காட்டியிருக்கும்.

அதனால் என் கட்சி இது: என்ன கட்டலாம் என்று முடிவுசெய்ய ட்ரோன் படத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள், எங்கே துளையிட்டு மண் எடுக்கலாம் என்று முடிவுசெய்ய எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையின் பழைய வரைபடத்தையும் பழைய வான்வழிப் படங்களையும் புதிய படத்தின் மேல் போட்டுப் பாருங்கள். இன்று வெறும் திடலாகத் தெரியும் இடத்தில் முன்பு சாயத்தொட்டி இருந்திருக்கலாம். தரைமட்ட மாதிரியில் மழைநீர் எந்தப் பக்கம் ஓடி எங்கே தேங்கும் என்று தெரியும். கழிவும் பெரும்பாலும் அந்த வழியேதான் போயிருக்கும். குறிப்பிட்ட ஒரு திட்டில் மட்டும் செடி வெளிறி நின்றால் அங்கேயும் ஒரு துளை. அப்புறம், அங்கே வேலை பார்த்த பழைய தொழிலாளர்களைத் தேடிப் பிடித்து அந்தப் படத்தை முன்னால் விரித்து வையுங்கள். எதை எங்கே கொட்டினார்கள் என்று கைவைத்துக் காட்டுவார்கள்.

ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 1985-ல் மூடிய இரும்பாலையைப் பூங்காவாக்கியபோது, கடுமையாக மாசடைந்த மண்ணை ஆலையின் பழைய சேமிப்பு அறைகளுக்குள் போட்டு மூடினார்கள். மண்ணின் நிலைமை தெரிந்த பிறகு வரைந்த திட்டம் அது. நம் காதில் விழுவதெல்லாம் தலைகீழ் வரிசை: முதலில் ட்ரோன் படம், பிறகு கட்டட வரைபடம், பிறகு விளம்பரம், கடைசியில் யாராவது வழக்குப் போட்டால் மண் பரிசோதனை.

ட்ரோனுக்கு உண்மையிலேயே நல்ல வேலை ஒன்று இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. மாசு மண்ணை அள்ளும் காலத்தில் வாராவாரம் பறக்கவிட்டால், குழியிலிருந்து எத்தனை கன மீட்டர் போயிருக்கிறது என்று கணக்கு வந்துவிடும். லாரி பில்லில் இருப்பதோடு அதை ஒப்பிட்டு, அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களும் பார்க்கும்படி பொதுவில் வைக்கட்டும். ஒப்பந்தக்காரருக்குப் பிடிக்காதுதான்.