காட்டுப்பாதைக்குச் சாலைக் கணக்கு ஒத்துவராது

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் டிரையத்லானில், சாலைப் போட்டிக்கு எடுக்கும் நேரத்தோடு கொஞ்சம் கூட்டிக்கொண்டால் காட்டுப்பாதைப் போட்டிக்கும் கணக்கு வந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஐந்து வருடமாக இரண்டிலும் கலந்துகொள்கிறேன். இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

1996இல் ஹவாயின் மாவி தீவில் தொடங்கிய எக்ஸ்டெரா என்ற காட்டுப்பாதை டிரையத்லான் போட்டிகளில் வழக்கமான தூரம் 1.5 கி.மீ. நீச்சல், சுமார் 30 கி.மீ. மலை சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். சாலை டிரையத்லானின் ஒலிம்பிக் தூரத்தில் சைக்கிள் 40 கி.மீ. சரி, 10 கி.மீ. குறைவுதானே என்று தோன்றும். எனக்கு அந்த 30தான் எப்போதும் அதிக நேரம் பிடிக்கிறது.

முதல் போட்டிக்கு டயரில் காற்றைக் கல் மாதிரி அடித்துக்கொண்டு போனேன். ஈரமான மர வேரில் ஏறியதும் முன்சக்கரம் சட்டென்று பக்கவாட்டில் வழுக்கியது. முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் தரையைக் கவ்விப் பிடிக்கும் என்று அப்புறம்தான் புரிந்தது. இறக்கத்தில் பெடல் மேல் எழுந்து நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளி, பிரேக்கில் ஒரே விரல் வைத்துத்தான் இறங்க வேண்டும். கீழே வந்து சேரும்போது முன்கை மரத்துப்போயிருக்கும். ஷூ கயிறு கட்டக்கூட விரல் வளையாது. அந்த நிலையில்தான் ஓட்டமே ஆரம்பிக்கிறது!

செங்குத்தான ஏற்றத்தில் நடப்பதைத் தோல்வி போலக் கட்டுரையாளர் எழுதியிருப்பது வருத்தமாக இருந்தது. அங்கே முன்னணி வீரர்களே நடக்கிறார்கள். முழங்காலில் கையை ஊன்றி வேகமாக நடந்து, மேலே போனதும் ஓடுகிறவர்கள் என்னை எத்தனையோ முறை முந்தியிருக்கிறார்கள்.