தேதியை யார் சொன்னது?

போன வாரம் பழைய நண்பர் ஒருவர் போன் செய்தார். எட்டுப் பேரை வைத்துச் சின்னதாக ஒரு மென்பொருள் கம்பெனி நடத்துகிறார். "ஒரு ப்ராஜெக்ட் மேனேஜரைப் போடலாம்னு இருக்கேன். எத்தனை பேர் ஆனதும் போடணும்?" என்றார். கேள்வியே தப்பு என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அவருக்கும் ஏதோ அவசரம், பேச்சு அதோடு முடிந்தது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவைக்கிறேன். இந்த விஷயத்தில் ஒரு முறை நன்றாகச் சூடுபட்டவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

தலைகளை எண்ணிப் பார்ப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஐந்து பேர் இருந்தால் யாரோடு யார் பேச வேண்டும் என்பதற்கு 10 ஜோடிகள். எட்டுப் பேருக்கு 28. பன்னிரண்டு பேருக்கு 66. ஆள் கூடுவதைவிட வேகமாகப் பேச்சு கூடுகிறது. ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற கணினி இயங்குதளம் செய்யும் வேலையை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ், தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-லேயே எழுதினார். அதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

ஆனால் பன்னிரண்டு பேர் ஒரே அறையில் ஒரே பொருளைச் செய்துகொண்டு, மேனேஜர் யாரும் இல்லாமல் ஒழுங்காகத் தேதிக்கு முடிப்பதையும் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஆறே பேர் இருந்தபோது திணறினோம். காரணம், எங்கள் வேலையில் பாதி எங்கள் கையில் இல்லை. திரைகளை வரைந்து தருவது வெளியே ஒரு டிசைன் டீம். பணம் கட்டும் பகுதிக்கு இன்னொரு கம்பெனியின் அனுமதி வர வேண்டும். பாதுகாப்புச் சோதனையைக் கிளையண்ட் நியமித்த ஆட்கள் செய்வார்கள். அந்தச் சமயத்தில் ஒரு டிசைன் ஃபைல் ஒன்பது நாள் சும்மா கிடந்தது. நான் ஓகே சொல்ல வேண்டும் என்று டிசைனர் காத்திருந்தார். கிளையண்ட் ஏற்கெனவே ஓகே சொல்லி வேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். கிளையண்டோ ஃபைல் இன்னும் வரவில்லை என்று இருந்தார். மூன்று பேரில் யாரும் சோம்பேறி இல்லை. ஒன்பது நாள் போனது போனதுதான்.

ஆகவே எண்ண வேண்டியது காத்திருப்பை. இதற்கு ஒரு சின்ன வழி உண்டு. இரண்டு வாரம் ஒரு நோட்டை மேசையில் வையுங்கள். "அது என்ன ஆச்சு?" என்று நீங்கள் யாரையாவது கேட்கும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். உங்களை யாராவது கேட்டாலும் ஒரு கோடு. நான் போட்டுப் பார்த்தபோது இரண்டாம் வாரம் வியாழக்கிழமையே பக்கம் நிரம்பிவிட்டது. நான் உருப்படியாக வேலை செய்தது சனிக்கிழமை மட்டும்தான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. ப்ராஜெக்ட் மேனேஜர் வேலையை ஏற்கெனவே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அது நான், அதை மோசமாகப் பார்க்கிறேன் என்று தெரிந்தது. நோட்டில் கோடுகள் குறைவாக இருந்தால் இப்போதைக்கு ஆள் வேண்டாம். முடித்தது முடியாதது இரண்டையும் ஒரு எக்செல் ஷீட்டில் போட்டு, வாரத்துக்கு அரை மணி நேரம் எல்லாரும் சேர்ந்து பார்த்தால் போதும்.

"நாங்கள் ஸ்க்ரம் முறையில் வேலை செய்கிறோம், எங்களுக்கு அந்தப் பதவியே கிடையாது" என்பவர்களும் உண்டு. உண்மைதான், வேலையைச் சின்னச் சின்னத் தவணைகளாகப் பிரித்துச் செய்யும் அந்த முறையின் வழிகாட்டியில் ப்ராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள் என்று மூன்று பொறுப்புகள்தான். ஆனால் பதவிப் பெயர் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லையென்று ஆகிவிடாது. வெளி ஆட்களை நம்பியிருக்கும் வேலையில் அதை யாரோ ஒருவர் பார்த்துத்தான் தீர வேண்டும்.

இன்னொரு நிலைமையிலும் ஆள் எடுக்கக் கூடாது. எதைச் செய்யப்போகிறோம் என்பதே முடிவாகாத நிலை. வாரா வாரம் நீங்கள் மனம் மாறிக்கொண்டிருந்தால், உலகிலேயே கெட்டிக்கார மேனேஜர் வந்தாலும் உங்கள் மன மாற்றங்களை அழகான அட்டவணையில் எழுதித்தான் தர முடியும். எதை, ஏன் செய்வது என்று பார்ப்பவர் ப்ராடக்ட் மேனேஜர். யார், எப்போது, எதற்குப் பிறகு என்று பார்ப்பவர் ப்ராஜெக்ட் மேனேஜர். பெயர் ஒரே மாதிரி ஒலிப்பதால் முன்னவர் தேவைப்படும் இடத்தில் பின்னவரை உட்காரவைத்துவிட்டு, அப்புறம் அவர் சரியில்லை என்கிறோம்.

சரி, சூடுபட்ட கதைக்கு வருகிறேன். முதலில் நான் எடுத்தவர் நல்ல அனுபவசாலி, பெரிய இடத்தில் வேலை பார்த்தவர். வந்த அன்று நான் சொன்னது ஒரே வாக்கியம்: "எல்லாரையும் கொஞ்சம் ஃபாலோ அப் பண்ணிப் பாருங்க." அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால், டீமிடம் கடுமையாகப் பேச எனக்குச் சங்கடம், அதை அவர் தலையில் கட்டினேன். கிளையண்டிடம் நான்தான் தொடர்ந்து பேசினேன், தேதிகளையும் நான்தான் சொன்னேன். எதை முதலில் செய்வது என்பதையும் போகிற போக்கில் யாராவது ஒரு டெவலப்பரிடம் நானே மாற்றிச் சொல்லிவிடுவேன். பாவம், அவருக்கு அது மறுநாள் தெரியும். காலையில் ஒவ்வொரு மேசையாகப் போய் ஸ்டேட்டஸ் கேட்பார், மாலையில் அதை எனக்கு மெயிலில் அனுப்புவார். ஆட்கள் அவரிடம் ஒன்று சொல்வார்கள், என்னிடம் வேறு சொல்வார்கள், ஏனென்றால் முடிவு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும். ஐந்தாம் மாதம் விலகிவிட்டார். கிளம்பும்போது கோபமே இல்லாமல் சொன்னார்: "ஆளை எடுத்தீங்க சார், வேலையைக் கொடுக்கல."

அதனால் இரண்டாவது முறை விளம்பரம் போடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதினேன். வருகிறவர் என்னைக் கேட்காமலே முடிவு செய்யக்கூடியவை. ஒன்று, கிளையண்டுக்குத் தேதி சொல்வது. இரண்டு, புதிதாகக் கேட்கப்படும் வேலையை அடுத்த ரிலீஸுக்குத் தள்ளுவது. மூன்று, எந்த மீட்டிங்கையும் ரத்து செய்வது, நான் கூப்பிட்டதாக இருந்தாலும். முதலாவதை எழுதத்தான் கை வரவில்லை. இரண்டு நாள் ஆனது.

அடுத்து, வெளியே தேடுவதற்கு முன் உள்ளே பார்த்தேன். வழக்கமாக இங்கே ஒரு தப்பு நடக்கும். டீமில் மிகத் திறமையான டெவலப்பரை மேனேஜர் ஆக்குவார்கள். ஒரு நல்ல டெவலப்பர் போய்விடுவார், சுமாரான மேனேஜர் ஒருவர் கிடைப்பார். பார்க்க வேண்டியது வேறு ஆள். எங்கே என்ன சிக்கியிருக்கிறது என்று எல்லாரும் யாரிடம் போய்க் கேட்கிறார்கள்? எங்களிடம் அது டெஸ்டிங் பார்க்கும் ஒரு பெண். அவரிடம் கேட்டேன். "எனக்கு டெஸ்டிங்தான் சார் பிடிச்சிருக்கு" என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். மறுத்ததும் நல்லதுதான், அவரையே நேர்காணலில் உட்காரவைத்துக்கொண்டேன்.

ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பிஎம்ஐ (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்) அமைப்பு 1984-லிருந்து நடத்தும் தேர்வு அது. பட்டதாரி என்றால் மூன்று வருடம் ப்ராஜெக்ட்களை நடத்திய அனுபவம் இருந்தால்தான் எழுதவே விடுவார்கள். அதனால் சும்மா கிடைக்கும் காகிதம் இல்லை. ஆனால் அது இல்லாதவர்களை முதல் சுற்றிலேயே ஒதுக்குவது முட்டாள்தனம் என்பது என் கருத்து. அந்தத் துறையின் சொற்கள் ஒருவருக்குத் தெரியும் என்று சான்றிதழ் சொல்லும். கிளையண்டிடம் முடியாது என்று சொல்லும் தைரியம் இருக்கிறதா என்று சொல்லாது.

நேர்காணலில் பழைய மெயில் தொடர் ஒன்றைப் பெயர்களை மறைத்து அச்செடுத்துக் கொடுத்தோம். அதேதான், ஒன்பது நாள் கிடந்த ஃபைல் கதை. இருபது நிமிடம் படித்துவிட்டு, முதலில் என்ன செய்வீர்கள் என்று சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் உடனே அட்டவணை போட ஆரம்பித்தார்கள். ஒருவர் எங்களுக்கு எந்த மென்பொருள் கருவி நல்லது என்று பத்து நிமிடம் விளக்கினார். தோற்றுப்போன ஒரு ப்ராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதற்கு, அப்படி எதுவுமே இல்லை என்றார் இன்னொருவர். அவரோடு அதற்கு மேல் பேச எனக்குத் தோன்றவில்லை.

நான்காவதாக வந்தவர் இரண்டு முறை படித்தார். பேனாவை மூடி வைத்தார். "இதுல ரிலீஸ் தேதி ஒண்ணு இருக்கே, இதை யார் சொன்னது? எதை வெச்சுச் சொன்னாங்க?" என்று கேட்டார்.

சொன்னது நான். ஒரு போன் பேச்சில், யாரையும் கேட்காமல், வாய்க்கு வந்த தேதி. டெஸ்டிங் பெண் குனிந்து தாளைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த நான்காமவர், எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் மொத்தத் தேதியும் ஒரு நாள் தள்ளும் என்று விரலை வைத்துக் காட்டினார். அது எங்கள் கோடிங் இல்லை, வெளியிலிருந்து வர வேண்டிய அந்த அனுமதி. 1950-களின் கடைசியில் தொழிற்சாலைக் கட்டுமானங்களுக்காகக் கண்டுபிடித்த கிரிட்டிக்கல் பாத் கணக்கு இதுதான். அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே இல்லை.

உடனே நிரந்தரமாக எடுக்கவில்லை. மூன்று மாத ஒப்பந்தம், ஒரே ஒரு ப்ராஜெக்ட். இரண்டு பக்கத்துக்கும் அது நல்லது, வேலை செய்து பார்க்காமல் யாருக்குமே எதுவும் தெரியாது. முதல் மாதம் அவர் பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. தினசரி மீட்டிங்கை வாரம் மூன்றாகக் குறைத்தார். ஒரே ஒரு ஷீட் தொடங்கினார், மூன்று பத்திகள்: என்ன வேலை, யாரிடம் இருக்கிறது, எந்த நாளிலிருந்து. அந்த மூன்றாவது பத்திதான் எல்லாவற்றையும் மாற்றியது. யாரையும் திட்ட வேண்டியதில்லை, நாள் எண்ணிக்கை தானே ஏறிக்கொண்டிருக்கும். முதல் ஷீட்டில் என் பெயர் நான்கு இடத்தில் இருந்தது.

ஒரு நாள் கிளையண்ட் வழக்கம்போல என்னைக் கூப்பிட்டு, எப்போது முடியும் என்று கேட்டார். நாக்கு நுனியில் தேதி நின்றது. "அவங்ககிட்ட கேட்டுக்கோங்க" என்றேன். புது மேனேஜர் என் நிறுவனத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது போல இருந்தது, மறைக்க விரும்பவில்லை. மூன்று மாதம் முடிந்ததும் அவரை நிரந்தரமாக்கினோம்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு கிளையண்ட்டோடு லிஃப்டில் இறங்கும்போது, "அடுத்த மாசக் கடைசிக்குள்ள குடுத்துடலாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை ஷீட்டைத் திறந்தால் புதிதாக ஒரு வரி: லிஃப்டில் சொன்ன தேதியைத் திரும்பப் பெறுதல். பக்கத்தில் என் பெயர், ஒரு நாள்.