ஜிம்மைப் புதுப்பிச்சாவளாம், யார்ட்ட கேட்டுப் புதுப்பிச்சாவ?

நேத்து காலைல அஞ்சே முக்காலுக்கு, புதுசா தொறந்த எங்க மன்றத்து ஜிம்முல, கையில ஒரு 10 கிலோ பிளேட்டை வச்சிக்கிட்டு கோட்டி பிடிச்சவன் மாதிரி நின்னேன் வே. பிளேட்டு பழசு, ராடு புதுசு. பழைய பிளேட்டோட ஓட்டை 28 மில்லி ராடுக்கு உள்ளது, இப்ப வாங்கிப் போட்டிருக்க ராடோட முனை 50 மில்லி. எப்பிடி ஏறும்? செயலாளர் அண்ணாச்சி அந்நேரம் பாத்து ஊதுவத்தி பொருத்த வந்தாவ, கூப்பிட்டு காமிச்சேன். பிளேட்டை வாங்கி திருப்பித் திருப்பி பாத்துட்டு, "புதுசுல்லாடே, மொதல்ல டைட்டாத்தான் இருக்கும், கொஞ்சம் கிரீஸ் போட்டுப் பாரு, ஏறிரும்"னாவ.

கிரீஸ்! 28 மில்லி ஓட்டைக்குள்ள 50 மில்லி இரும்பு கிரீஸ் போட்டா போயிருமாம். அந்த இடத்துலயே ஏதாவது பேசிருப்பேன், வயசுல மூத்தவியளாச்சேன்னு வாயப் பொத்திக்கிட்டு வந்துட்டேன், அதான் இங்க கொட்டுதேன். நீளமாத்தான் இருக்கும், சோலி கெடக்கவன் இப்பவே போயிரலாம்.

எங்க ஜிம்மு திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை பக்கம், தாமிரபரணி ஆத்துக்கு கூப்பிடு தூரம். முந்தி அது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட நீட்டுக் கொட்டாய், மூணு பக்கமும் கம்பி ஜன்னல், சிமெண்டுத் தரை, பட்டறைல வெல்டிங் பண்ணுன பெஞ்சு, உக்காந்து எந்திரிக்க ராடைத் தாங்குத ஸ்குவாட் ரேக்கு ஒண்ணு, மூலைல ரெண்டு கர்லாக்கட்டை, அவ்வளவுதான். மாசம் 150 ரூவா. சித்திரை வெயில்ல உள்ள நின்னா அவிஞ்சி போயிருவோம், அது உண்மைதான், ஆனா ஆனி ஆடில மேக்க இருந்து சாரக்காத்து ஜன்னல் வழியா உள்ள வந்துச்சுன்னா அந்த சொகத்துக்கு எந்த ஏசியும் ஈடாகாது. தூக்கி முடிச்சிட்டு அந்தானைக்கு ஆத்துல போயி ஒரு முங்கு, வீட்டுக்கு வந்தா நீத்தண்ணி ஒரு செம்பு, இப்பிடித்தான் பதினோரு வருசம் ஓடுச்சு.

பொறவு 2023 டிசம்பர் வந்துச்சு. 17, 18 ரெண்டு நாளும் பெஞ்ச மழை யாருக்கும் மறந்திருக்காது, காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட கொட்டுச்சே. ஆறு எங்க தெருவுக்குள்ள வந்து, ஜிம்முல நெஞ்சு மட்டத்துக்கு நின்னுச்சு. வத்துன பொறவு உள்ள போனா முழங்கால் அளவுக்கு சேறு, பெஞ்சு ரெக்சின் பூராம் உப்பிப் போச்சு, டியூப் லைட்டு வயரு எல்லாம் போச்சு. ஆனா இரும்பு? இரும்புக்கு என்ன ஆவும் வே, நாங்க ஏழெட்டு பேரு சேத்துக்குள்ள தடவித் தடவி பிளேட்டு பிளேட்டா எடுத்து, வயர் பிரஷ் போட்டுத் தேச்சி, கருப்பு பெயிண்ட் அடிச்சி அடுக்கி வச்சோம், மொத்தம் 180 கிலோ. கர்லாக்கட்டைய கழுவி மொட்டை மாடில நெழல்ல காய வச்சோம், வெயில்ல வச்சா வெடிச்சிரும்னு ஒரு தாத்தா சொன்னாவ. அந்த 180 கிலோவத்தான் இப்ப கிரீஸ் போட்டு ஏத்தணுமாம்.

ஒண்ணரை வருசம் பூட்டிக் கெடந்து, தலைக்கு 2000 வாங்கி, ஊர்ல நாலு பெரிய மனுசங்க கிட்ட நன்கொடை வாங்கி, புதுப்பிச்சாச்சு. திறப்பு விழாவுல ஆளுயர மாலை, நாதஸ்வரம், பொங்கல், கேசரி. வாசல்ல கருப்பு கிரானைட்ல கல்வெட்டு, அதுல பதினாலு பேரு பேரு. அந்த பதினாலு பேருல ஒருத்தராவது ஒரு நாளாவது அங்கன வந்து ஒரு டம்பெல்லாவது தூக்கியிருக்காவளான்னு கேட்டுப் பாருங்க, சிரிச்சிருவாவ.

இப்ப உள்ள என்ன இருக்குன்னு சொல்லுதேன் கேளுங்க. முன்பக்கம் செவுத்தை இடிச்சிட்டு பூராம் கண்ணாடி. மேல ஜிப்சம் போர்டு ஃபால்ஸ் சீலிங், அதைச் சுத்தி நீலக் கலர்ல எல்இடி பட்டை, ராத்திரி பாத்தா நகைக்கடை மாதிரி மினுங்குது. தரைல வழுவழுன்னு டைல்ஸ். டைல்ஸ் வே! வெயிட்டு தூக்குத எடத்துல எவனாவது டைல்ஸ் போடுவானா? டெட்லிஃப்ட், அதான் தரைல கெடக்க ராடை இடுப்பு வரைக்கும் தூக்குதது, அதைப் பண்ணிட்டு ராடை கொஞ்சம் வேகமா எறக்குனா டைல்ஸ் தெறிச்சிரும், அதுக்கு கனமா ரப்பர் மேட்டுல்லா போடணும். நாங்க கேட்டதுக்கு மேட்டு போடல, "தரைல வெயிட் போடக் கூடாது"ன்னு போர்டு எழுதி மாட்டிட்டாவ. பொறவு வெயிட்டை தலைலயா வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போவ?

புது ராடு மட்டும் 20 கிலோ, ஒலிம்பிக் ராடு, நல்ல ராடுதான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்குப் பொருந்துத பிளேட்டு வாங்குனது 10 கிலோ ரெண்டு, 5 கிலோ ரெண்டு. கூட்டிப் பாருங்க, ராடோட சேத்து 50 கிலோ. எங்க கூட வாரவன் ஒருத்தன் மார்க்கெட்ல லோடுமேன், 50 கிலோ மூட்டைய பேசிக்கிட்டே முதுகுல ஏத்துதவன், அவன் வந்து பாத்துட்டு "இதுக்கு நான் சோலிக்கே போயிரலாமே, அங்கன துட்டாவது குடுக்கான்"னு போயிட்டான். டம்பெல்லு 15 கிலோவோட நின்னு போச்சு. அதுக்கு மேல வாங்க பைசா இல்லியாம், கல்வெட்டுக்கு இருந்திருக்கு.

ஸ்குவாட் ரேக்கை தூக்கிட்டு ஸ்மித் மெஷின் போட்டிருக்காவ. தெரியாதவனுக்கு சொல்லுதேன், ஸ்மித் மெஷின்ல ராடு ரெண்டு தண்டவாளத்துக்குள்ள மாட்டியிருக்கும், மேலயும் கீழயும் மட்டுந்தான் போவும், முன்ன பின்ன அசையாது. புதுசா வாரவனுக்கு, கால்ல அடிபட்டவனுக்கு எல்லாம் நல்லதுதான், வேண்டாம்னு சொல்லல. ஆனா நாம தோள்ல ராடை வச்சி உக்காந்து எந்திரிக்கும்போது முதுகும் இடுப்பும் வெயிட்டை சாயாம பிடிச்சி நிறுத்துது பாருங்க, அந்தப் பாதி வேலைய மெஷினே பாத்துரும். ரேக்கு இருந்து கூட இதுவும் இருந்தா சந்தோசம், ரேக்கை பழைய இரும்புக் கடைல போட்டுட்டு இதை வச்சா எப்பிடி?

எனக்கு நெசமா வயிறு எரிஞ்சது இதுக்கெல்லாம் இல்ல, கயித்துக்கு. பழைய கொட்டாய்ல நடு உத்தரத்துல இருந்து ஒரு வடக்கயிறு தொங்கும். எங்க பக்கம் பையனுவ வீட்டுக்கு ஒருத்தன் போலீஸ் செலெக்‌ஷனுக்கு தயாராவுதவன்தான், உங்களுக்கே தெரியும். எழுத்துப் பரீட்சை தாண்டுனா நெஞ்சளவு 81 சென்டிமீட்டர் இருக்கணும், மூச்சு இழுத்தா அஞ்சு கூட விரியணும், 1500 மீட்டரை 7 நிமிசத்துல ஓடணும், பொறவு கயிறு ஏறணும். ஓட்டத்துக்கு ரோடு இருக்கு, மைதானம் இருக்கு. கயித்துக்கு இவனுவளுக்கு இருந்தது அந்த ஒரே உத்தரந்தான். ஃபால்ஸ் சீலிங் போடணும்னு கயித்தை அறுத்துட்டாவ. இப்ப நாலு பையனுவ ஆத்தங்கரைல ஒரு மரத்துல கயித்தைக் கெட்டி ஏறுதானுவ, கீழ கல்லு, கொப்பு எப்ப முறியும்னு தெரியாது. மாசக் கட்டணம் வேற இப்ப 500. அந்தப் பையனுவள்ல பாதிப் பேருக்கு அப்பா இல்ல, அம்மா பீடி சுத்துதாவ. 500 குடுத்துட்டு நீல லைட்டைப் பாத்துக்கிட்டு நிக்கவா?

சரி, எல்லாருக்கும் இப்பிடி எரியுதான்னா, இல்ல, அதையும் சொல்லணும்லா. கல்லூரிக்குப் போற சின்னப் பயலுவ பூராம் அந்தக் கண்ணாடி முன்னாடிதான் கெடக்கானுவ, ஒரு செட்டு அடிச்சா ஒம்பது போட்டோ, "செம லைட்டிங்ணே"ங்கான் எங்கிட்ட வந்து. ரிட்டயர்ட் வாத்தியார் ஒருத்தர் இருக்காவ, முழங்கால் தேய்மானம், அவிய சைக்கிள்ல உக்காந்து முக்கா மணி நேரம் டிவில செய்தி பாத்துக்கிட்டே மிதிக்காவ. "ஏல, உனக்கு ராடு ஏறலங்க, எனக்கு மாடிப்படி ஏறுதுடே"ன்னாவ. அதுக்கு நான் என்னத்த சொல்ல?

வீட்டுல வந்து பொலம்பினேன். எங்க மயினி தோசை சுட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தாவ. சுகர் இருக்கு அவியளுக்கு, டாக்டர் நடக்கச் சொல்லி ரெண்டு வருசம் ஆச்சு, ரோட்டுல நாயும் பைக்கும் படுத்துத பாட்டுல நடக்கல, இப்ப பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் பொம்பளையளுக்குன்னு நேரம் ஒதுக்கியிருக்காவல்லா, போறாவ. "ஆமா, ஒங்கிட்ட கேக்கல, ஒன் கூட்டாளிய கிட்ட கேக்கலன்னு இந்தக் குதி குதிக்கியே கொழுந்தனாரே, இத்தன வருசமா அந்த ஜிம்மு முன்னாடி நாங்க தலையக் குனிஞ்சிக்கிட்டுல்லா போனோம், நீங்க பனியனோட நிப்பிய. நீங்களும் வாங்கன்னு ஒரு நா எவளையாவது கேட்டியளா?"ன்னாவ. தோசைய தட்டுல போட்ட சத்தம் கொஞ்சம் கூடுதலா கேட்டுச்சு. நான் சட்டினிய பாத்துக்கிட்டு தின்னேன். கேக்கலதான். தோணவே இல்ல, அது எங்க தப்புதான்.

ஆனா மயினியே அடுத்த தோசைக்குள்ள அவிய கதைய ஆரம்பிச்சிட்டாவ. அந்தக் கண்ணாடி இருக்குல்லா முன்பக்கம், அதுக்கு நேர் எதுத்தாப்புல டீக்கடை. பொம்பளைய ட்ரெட்மில்ல நடக்கதை டீக்கடை பெஞ்சு பூராம் டம்ளரை வச்சிக்கிட்டு பாக்கான். ரெண்டு நாள் பாத்தாவ, மூணாம் நாள் மயினியும் நாலு பேரும் வீட்டுல இருந்து பழைய சேலைய கொண்டு போயி உள்பக்கமா கெட்டிட்டாவ. சாயங்காலம் செயலாளர் அண்ணாச்சி வந்து "அழகு கெடுது"ன்னு அவுத்துட்டாவ. மறுநாள் இவிய மறுபடி கெட்டுதாவ. இப்ப தெனமும் இந்தக் கூத்துதான், காலைல கெட்டு, சாயங்காலம் அவுப்பு. பாத்ரூம் ஒண்ணு புதுசா கெட்டியிருக்கு, மார்பிள் பேசின், ஷவர் எல்லாம் ஜோரு, உள்பக்கம் தாழ்ப்பா இல்ல. ஒருத்தி போனா இன்னொருத்தி வெளிய கதவைப் பிடிச்சிக்கிட்டு நிக்கணும். வேலைக்குப் போற பொம்பளைய பத்து மணிக்கு எப்பிடி வருவாவன்னும் எவரும் யோசிக்கல. அப்ப ஆம்பளையளையும் கேக்கல, பொம்பளையளையும் கேக்கல, யாரைத்தான் வே கேட்டாவ? போட்டோகிராஃபரையா?

அடுத்தது கரண்ட். ட்ரெட்மில்லு மூணு, ஒவ்வொண்ணும் 3 ஹெச்பி மோட்டார்னு பெருமையா ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. ஒரு ஹெச்பிங்கது 746 வாட்டு, முழுசா இழுத்தா ஒண்ணு மட்டும் ரெண்டேகால் கிலோவாட்டு. மூணையும் போட்டு ரெண்டு டன் ஏசியவும் போட்டா பழைய வயரிங் தாங்குமா, டப்புன்னு பிரேக்கர் விழுந்துருது. அதனால ட்ரெட்மில்லு ஓடுனா ஏசி கெடையாது. ஏசி இல்லன்னா ஜன்னல் வழியா காத்து வரும்லான்னு கேப்பிய, ஜன்னலை பூராம் செங்கல் வச்சி அடைச்சில்லா ஏசி போட்டாவ. மேக்க இருந்து சாரக்காத்து வந்து செவுத்துல முட்டிட்டு அப்பிடியே ஆத்துப் பக்கம் போயிருது. உள்ள பத்து பேரு வேர்வை நாத்தம் புட்டில அடைச்ச மாதிரி நிக்கி.

இன்னொண்ணு, இதை நெனச்சா ராத்திரி தூக்கம் வர மாட்டேங்கு. வெள்ளம் நின்ன மட்டத்தை செவுத்துல நான் ஒரு கோடு போட்டு தேதி எழுதி வச்சிருந்தேன், பொறவு வாரவன் பாக்கட்டும்னு. அதுக்கு மேல வெள்ளைப் பெயிண்ட் அடிச்சிட்டாவ, போவட்டும், அது அழகுக்கு. ஆனா பிளக் பாயிண்ட் பூராம் தரைல இருந்து ஒரு சாண் உயரத்துல வச்சிருக்காவ! ட்ரெட்மில்லு மோட்டார் இருக்கதே தரையோட தரையாத்தான். 92ல ஆறு வந்துச்சு, 23ல வந்துச்சு, இனிமே வராதுன்னு இவியளுக்கு தாமிரபரணி எழுதிக் குடுத்திருக்கா? நெஞ்சு மட்டம் எல்லாம் வேண்டாம், கணுக்கால் அளவு தண்ணி வந்தாலே லட்சக்கணக்குல போட்டது போச்சு. சேத்துல இருந்து ட்ரெட்மில்லை எடுத்து வயர் பிரஷ் போட முடியுமா?

ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டாவ. நான் எந்திரிச்சி ராடு, கயிறு, பிளக் பாயிண்ட்னு வரிசையா சொன்னேன். ஒரு பெரியவர் "ஒனக்கு எதைச் செஞ்சாலும் நொட்டைதான்டே"ன்னாவ. சின்னப் பயலுவ "விடுங்கண்ணே"ங்கான். மயினி தாழ்ப்பாளைப் பத்தி கேட்டாவ, எல்லாரும் சிரிச்சாவ, மயினி சிரிக்கல. கடைசில தீர்மானம் என்ன தெரியுமா, வாசல்ல செருப்பு ஸ்டாண்டு வாங்குதது.

நேத்து கிரீஸ் கதைக்குப் பொறவு வெளிய வரும்போதுதான் பாத்தேன். ஏசி ஓடல, உள்ள புழுக்கம் தாங்கல, அதனால கண்ணாடிக் கதவைத் தொறந்து வச்சிருக்காவ, அது தானா மூடிக்கிடுத கதவு, மூடாம இருக்க கீழ ஒரு கட்டைய முட்டுக் குடுத்திருக்காவ. குனிஞ்சி பாத்தா எங்க கர்லாக்கட்டை. எடுத்தேன். வாசல்லயே நின்னு வலது கையில இருவது, இடது கையில இருவது சுத்துனேன், முதுகு சொடக்கு விட்டுச்சு, அவ்வளவு நாள் கழிச்சி நல்லா இருந்துச்சு. அதுக்குள்ள கதவு மூடிக்கிச்சு, உள்ள இருந்து வாத்தியார் சைக்கிளை மிதிச்சிக்கிட்டே கண்ணாடிய தட்டுதாவ, "ஏல, மூச்சு முட்டுதுடே, அந்தக் கட்டைய வச்சிட்டுப் போ!"

வச்சிட்டு வந்தேன்.