தண்ணீர் கேட்காமல் ஓடும் வண்டி எனக்கு வேண்டாம்

மோட்டார் ஹோம் வீடியோக்களில் எல்லாரும் ஒரே வசனத்தைப் பேசுகிறார்கள்: "இனி யாரையும் நம்பியிருக்க வேண்டாம், வீடே நம்மோடு வருகிறது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர்த் தொட்டியை எந்த ஊரில் யார் வீட்டுக் குழாயில் நிரப்பினார்கள் என்பதை மட்டும் காட்டவே மாட்டார்கள்.

என் வண்டி ஒரு பழைய டெம்போ டிராவலர். உள்ளே கட்டில், சமையல் மேடை, ஒரு கேசட் கழிப்பறை (கழிவு சேரும் பெட்டியைக் கழற்றி எடுத்துக் கொட்டுகிற வகை). கூரையில் சோலார் பலகைகள். (வண்டியை இப்படி மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்டிஓ ஒப்புதல் வேண்டும். "அதெல்லாம் யார் பார்க்கப்போறா" என்று கிளம்புகிறவர்கள் காப்பீடு கேட்டுப் போய் நிற்கும்போது பார்ப்பார்கள்.) கணக்கு எளிது. 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி பேட்டரியில் இரண்டரை யூனிட் கூட முழுசாக இருக்காது. 30 வாட் மின்விசிறி என்றால் விடிய விடிய ஓடும். ஏசி போட்டால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் கதை முடிந்தது. நூறு லிட்டர் தண்ணீரை எவ்வளவு சிக்கனமாகச் செலவழித்தாலும் சில நாள்தான். கழிப்பறைப் பெட்டி அதற்கும் முன்னால் நிறைந்துவிடும்.

ஆக, நாலு நாளில் இரண்டு தடவையாவது முன்பின் தெரியாத ஒரு வாசலில் போய் நின்று, "கொஞ்சம் தண்ணி பிடிச்சுக்கலாமா?" என்று கேட்டே ஆகவேண்டும். வண்டியின் குறை இது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். செட்டிநாட்டுப் பக்கம் தனியாகச் சுற்றி வந்ததில் எனக்குக் கிடைத்த நல்லது எல்லாமே இந்தக் குறை வழியாக வந்ததுதான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

திருமயம் கோட்டையைத் தாண்டி காரைக்குடிச் சாலையில் இறங்கினால் மண் சிவக்கத் தொடங்கும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி, தேவகோட்டை என்று அடுத்தடுத்து ஊர்கள். தெருக்கள் கோடு போட்டது போல நேராகவும் அகலமாகவும் இருப்பதால் பெரிய வண்டியைத் திருப்ப யாரிடமும் திட்டு வாங்கவேண்டியதில்லை. ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். கூகுள் காட்டும் வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தால், ஆள் அந்தக் கோடியில் அடுப்படியில் இருப்பார்கள், காதில் விழாது.

பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. இவற்றையெல்லாம் ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன். எனக்கு இந்த ஊர்களில் முதலில் கண்ணில் படுவது ஊருணிதான். மழைத்தண்ணீர் வரத்துக்கால் வழியாக வந்து சேர, நாலு பக்கமும் கல் படிக்கட்டு. குடிக்கிற ஊருணி என்றால் சுற்றுச்சுவர் உண்டு, அதில் காலைக்கூட நனைக்கக் கூடாது. குளிக்கிற ஊருணி வேறு. தண்ணீர் குறைந்த பூமியில் இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டியவர்கள், கூரைத் தண்ணீரையும் சொட்டு விடாமல் வளவுக்குள், அதாவது வீட்டு நடுமுற்றத்துக்குள், இறக்கிப் பிடித்திருக்கிறார்கள். தண்ணீரின் அருமை தெரிந்த ஊரில் தண்ணீர் கேட்பது சும்மா காரியம் இல்லை. யார், எந்த ஊர், எதற்கு வந்தாய், சாப்பிட்டாயா என்று நாலு கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் வாளி வரும். ஆனால் கண்டிப்பாக வரும்.

அப்படி ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். பெரிய வீடு. கதவைத் திறந்தவர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். அவரும் மனைவியும் பின்கட்டில் குடியிருக்கிறார்கள். வீடு பங்காளிகள் பல பேருக்குப் பொது. சென்னையில் பாதி, மலேசியா, சிங்கப்பூரில் மீதி. ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு தம்பதிக்கும், பூட்டின அறை ஒன்று. வளவைச் சுற்றி அப்படி வரிசையாகக் கதவுகள். சாவிக்கொத்து முழுவதும் இவர் இடுப்பில். ஆனால் கூரையில் நாலு ஓடு விலகி மழை ஒழுகினால், மாற்றச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. எல்லாரும் சம்மதிக்கவேண்டும். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டிருக்கிறாராம். "பாத்துட்டாங்கம்மா, ரெண்டு நீலக் கோடும் விழுந்துருச்சு" என்றார். ஒழுகுகிற இடத்துக்குக் கீழே பாத்திரம் வைத்திருந்தார்.

வெளியூர்க்காரர்கள் இந்த ஊர்களைப் பற்றி எழுதும்போது, வீடுகள் அழிகின்றன, வாரிசுகளுக்கு அக்கறை இல்லை என்று வருத்தப்படுவார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் கதவும் தூணும் விலைக்கு நிற்பதைப் படம் எடுத்துப் போடுவார்கள். நானும் அந்தத் தெருவில் நடந்தேன், மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் முப்பது பேர் கையெழுத்து இல்லாமல் கூரையில் ஒரு ஓடுகூட மாற்ற முடியாத சொத்து அமைப்பைப் புரிந்துகொள்ளாமல், அக்கறை இல்லை என்று தீர்ப்பு எழுதுவது சோம்பேறித்தனம். இப்போதைக்கு அந்த வீடு நிற்பது, ஒரு சதுர அடிகூடப் பங்கு இல்லாத ஒரு தம்பதி தினம் பெருக்கிக் கூட்டுவதால்தான். செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. அந்தப் பட்டியலுக்கு இப்படிப்பட்டவர்களைப் பற்றி ஏதாவது தெரியுமா என்பது என் சந்தேகம்.

தண்ணீர் பிடித்து முடிந்ததும் அவர் மனைவி கேட்டார்: "எங்க வீட்டை எத்தனையோ பேரு வந்து பாத்துட்டுப் போறாக. உங்க வீட்டைக் காட்டுங்கக்கா."

காட்டினேன். படியேறும்போதே செருப்பைக் கழற்றிவிட்டார். கட்டிலைத் தட்டிப் பார்த்தார். சாமி படம் எங்கே, உப்பு ஜாடி ஓடும்போது உருளாதா, கேஸ் சிலிண்டர் தலைமாட்டிலா இருக்கு என்று கேள்வி. (கால்மாட்டில் இருக்கிறது. அதுவும் தப்பு என்றார்.) கூரையைப் பார்த்துவிட்டு, "ஒழுகுமா?" என்றார். ஒழுகாது என்றதும் புருஷனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அதை எழுத எனக்குத் திறமை போதாது. வண்டியை எத்தனையோ பேருக்குச் சுற்றிக் காட்டியிருக்கிறேன், மைலேஜ் எவ்வளவு, விலை எவ்வளவு என்பதைத் தாண்டி யாரும் போனதில்லை. குடித்தனம் நடத்துகிற கண்ணோடு பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை ஒன்றின் பக்கத்தில், வேப்பமர நிழலுக்காக வண்டியை நிறுத்தினேன். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்பு அச்சை வைத்து, கரண்டியால் வண்ணச் சிமெண்டுக் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் வண்ணங்கள் ஒன்றோடு ஒன்று கலக்காமல் நிற்கின்றன. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும், அதற்கு மேல் ஈரச் சிமெண்டு. காய்ந்ததும் கண்ணாடியோடு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊற விடுகிறார்கள். எடுக்கும்போது கண்ணாடி பட்ட பக்கம் அப்படியே பளபளக்கிறது. அடுப்பில் சுடுவதே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே வேலை செய்கிற ஒரு அண்ணன் என் வண்டி நிழலில் வந்து உட்கார்ந்தார். உங்கள் வீட்டில் எந்த டிசைன் என்று கேட்டேன். சிரித்தார். "கடையில வாங்குன டைல்ஸ்தான் மேடம். இதைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சுக்கணும், எங்க வீட்ல ஆளு ஏது?" ஓட்டல் அறையில் தங்கியிருந்தால் இந்தப் பதில் எனக்குக் கிடைத்திருக்காது. அரை மணி நேரம் பட்டறையைச் சுற்றிக் காட்டி, நாலு டைல்ஸ் வாங்க வைத்து அனுப்பியிருப்பார்கள்.

அப்புறம் அந்த ஆச்சி. படைப்புக்காக, அதாவது முன்னோருக்குப் படைக்கும் குடும்பச் சடங்குக்காக, சென்னையிலிருந்து வந்திருந்தார், எண்பதைத் தாண்டிய வயது. காலையில் தெருவில் நடந்து வந்தவர், நான் வெளியே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்தார். இந்தப் பயணம் முழுக்க டீக்கடையில், பெட்ரோல் பங்கில், கோயில் வாசலில் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்டது "தனியாவா?" என்றுதான். ஆச்சி அதைக் கேட்கவில்லை. "அடுப்பு இருக்கா?" என்றார். காப்பி போட்டுக் கொடுத்தேன். அவருடைய அப்பச்சி (அப்பா) பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவராம். அந்தக் காலத்தில் ஒரு தவணை என்றால் மூன்று வருஷம். ஆண்கள் கப்பலேறிப் போனபின் இந்த வீடுகளில் பெண்கள்தான் நெல்லு புல்லு, வரவு செலவு, பிள்ளை குட்டி, நல்லது கெட்டது எல்லாம் பார்த்தார்கள். "எங்க ஆத்தா மூணு மூணு வருஷமா இந்த வீட்டைக் கட்டி ஆண்டாக. நீ என்னமோ நாலு சக்கரத்தை வச்சுக்கிட்டுத் தனியா போறேன், தனியா போறேன்கிறே" என்றார். நான் அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். எங்கிருந்தோ காதில் விழுந்திருக்கிறது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் பணமும் போச்சு, கப்பலும் போச்சு. அதன்பிறகும் வீட்டை ஓட்டியது அதே ஆத்தாதான் என்று சொல்லிவிட்டு, காப்பியில் சர்க்கரை போதவில்லை என்றார்.

சரி, இப்போது விவகாரத்துக்கு வருகிறேன். சுற்றுலாவை வளர்க்க கேரவான் பார்க் (இப்படிப்பட்ட வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்குகிற இடம்) வேண்டும் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கேரளாவில் 2021-ல் கேரவான் திட்டத்தை அறிவித்து, வாகமண்ணில் பார்க்கும் திறந்தார்கள். நம்மூரிலும் கம்பி வேலி போட்டு, மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு, கழிவு இணைப்பு, ஒரு ரெஸ்டாரன்ட் எல்லாம் வைத்துக் கட்டவேண்டுமாம். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் செட்டிநாட்டில் அப்படி ஒன்று வந்தால் அதற்குள் நான் சந்திக்கப்போவது பெங்களூரிலிருந்து வந்த இன்னொரு வண்டிக்காரரைத்தான். அவரும் நானும் லித்தியம் பேட்டரி விலையைப் பேசிவிட்டுத் தூங்கப் போவோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு பாதிப் பொய்யாகிவிடும். இந்த வரவேற்பு எனக்குக் கிடைத்ததற்கு ஊரின் நல்ல மனசு மட்டும் காரணம் இல்லை. ஐம்பதைத் தாண்டிய பெண், பருத்திச் சேலை, லட்சக்கணக்கில் செலவழித்த வண்டி. ஒரு ஊருணிக் கரையில் என்னை ராத்திரி தங்கச் சொல்லி டார்ச் லைட் கொடுத்த அதே பெரியவர், ஊசிமணி விற்க வருகிறவர்களை அங்கே இருட்டிய பிறகு நிற்க விடுவதில்லை என்று பெருமையாகவே சொன்னார். அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாலையிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள். நான் நேற்று ஆரம்பித்தவள். அவருக்கு நான் விருந்தாளி, அவர்கள் தொந்தரவு. "ஏன்யா அப்படி?" என்று கேட்டேன். "நீங்க வேறம்மா" என்றார். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு அதே கரையில்தான் படுத்தேன், தூக்கம் சரியாக வரவில்லை.

அதனால் கழிப்பறை விஷயத்தில் நான் கேட்பது எனக்கு மட்டுமாக இல்லை. வண்டியின் கேசட்டைக் காட்டில் கொட்டக் கூடாது, செப்டிக் டேங்க் உள்ள கழிப்பறையில்தான் கொட்டவேண்டும். இதற்காகவே ஒரு நாள் காலை முழுக்க அலைந்தேன். ஒரு பெட்ரோல் பங்கில் பூட்டு, இன்னொன்றில் "ஸ்டாஃபுக்கு மட்டும்". ஒரு பொதுக் கழிப்பறையின் சாவி யாரிடம் என்றே தெரியவில்லை. கடைசியில் உதவியது, தன் வீட்டுப் பின்வாசலைத் திறந்துவிட்ட ஒரு டீக்கடைக்கார அக்கா. காசு வாங்க மறுத்துவிட்டார், கால் கிலோ காப்பித்தூளை வாங்கிக்கொண்டார்.

செட்டிநாட்டுப் பக்கத்துப் பஞ்சாயத்துத் தலைவர்கள், கவுன்சிலர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். பார்க் எல்லாம் வேண்டாம். குளிக்கிற ஊருணிப் பக்கம் ஒரு குழாய், விடியற்காலை ஐந்து மணிக்குத் திறக்கிற ஒரு கழிப்பறை, அதைக் கழுவுகிறவருக்கு மாதச் சம்பளம். என்னைப் போல வண்டியில் வருகிறவர்களிடம் ஐம்பதோ நூறோ வசூலியுங்கள், தாராளமாகக் கொடுப்போம். ஊசிமணி விற்க வருகிறவர்களிடம் வாங்காதீர்கள்.