வேடந்தாங்கல் என்றால் ஏரி மட்டும் அல்ல

“பறவைகள் இருப்பது ஏரியில்தானே, எல்லையை 5 கிலோமீட்டரிலிருந்து 3 ஆகக் குறைத்தால் என்ன குறைந்துவிடும்? ஊர்க்காரர்கள் வீணாகக் கூச்சல் போட்டார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தின் எல்லையைக் குறைக்க 2020இல் வந்த முன்மொழிவைச் சொல்கிறார். அவர் சொல்வது தவறு.

ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான், சரி. ஆனால் 1998 அறிவிக்கையின்படி சரணாலயம் என்பது ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர். காரணம் எளிது. ஏரி பறவைக்குப் படுக்கையறை, சாப்பாடு வெளியே. நத்தைகுத்தி நாரையைப் பாருங்கள்: கூடு ஏரிக்குள் நிற்கும் மரத்தில், குஞ்சுக்கு நத்தை பொறுக்குவது சுற்றுவட்ட வயல்களிலும் சிற்றேரிகளிலும். அங்கே ஆலையும் மனையும் வந்தால் கூடு மட்டும் என்ன செய்யும்?

அப்புறம், 5லிருந்து 3 என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். வட்டத்தின் பரப்பைக் கணக்குப் போடுங்கள், 60 விழுக்காட்டுக்கு மேல் போய்விடும்!

ஊர்க்காரர்களுக்கு இது புதுக் கவலையும் இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டபோது, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் போய்ப் பாதுகாப்பு எழுதி வாங்கியவர்கள் இவர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் அவர்கள் நெல்லுக்கு உரம்.