ஜேம்ஸ் ஹாரிசனை எப்படி நினைவில் வைப்பது?

ரத்தக் கொடையாளர் ஜேம்ஸ் ஹாரிசன் 2025 பிப்ரவரி 17 அன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில், தூக்கத்திலேயே காலமானார். வயது 88. மார்ச் தொடக்கத்தில்தான் செய்தி வெளியே வந்தது. "24 லட்சம் குழந்தைகளைக் காப்பாற்றிய தங்கக் கை மனிதர்" என்று உலகமெங்கும் தலைப்பு போட்டார்கள். நிறைய பேர் பகிர்ந்தார்கள், அவரைக் கடவுள் என்றார்கள், அடுத்த நாள் வேறு செய்திக்குப் போய்விட்டார்கள். அந்த மனிதரை இப்படி நினைவுகூர்வது போதாது என்று அப்போதிருந்தே எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவருக்கு 14 வயதில் நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. 1951ஆம் ஆண்டு. முகம் தெரியாத பலர் கொடுத்த ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தார். அவருடைய அப்பாவும் ரத்தம் கொடுக்கும் பழக்கம் உள்ளவர். 18 வயதானதும் நானும் கொடுப்பேன் என்று அந்தப் பையன் முடிவு செய்துகொண்டார். இப்படி முடிவு செய்யும் சிறுவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். இவர் 1954இல் சொன்னபடியே போய் நின்றார். அதிலும், ஊசி என்றால் பயம் அவருக்கு. கடைசி வரை அந்தப் பயம் போகவில்லை. ஊசி கைக்குள் இறங்குவதை ஒருமுறைகூட அவர் பார்த்ததில்லையாம். முகத்தைத் திருப்பிக்கொள்வார், கூரையைப் பார்ப்பார், செவிலியரிடம் பேச்சுக் கொடுப்பார்.

பயம் இல்லாதவர் செய்வதற்கும் பயத்தோடு ஒருவர் செய்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்! 24 லட்சம் என்ற எண்ணைவிட இந்த ஒரு விவரம்தான் எனக்கு அவரை நெருக்கமாகக் காட்டியது.

சரி, அவர் ரத்தத்தில் என்ன விசேஷம்? ரத்தச் சிவப்பணுக்களில் ஆர்எச் என்ற புரதம் இருந்தால் ஆர்எச் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். தாய் ஆர்எச் நெகட்டிவ், வயிற்றில் உள்ள குழந்தை ஆர்எச் பாசிட்டிவ் என்றால் ஒரு சிக்கல் வரலாம். குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்துவிட்டால், தாயின் உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்து ஆன்டிபாடிகளை, அதாவது அதை எதிர்க்கும் புரதங்களை, உருவாக்கிவிடும். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஆபத்து இருக்காது. அடுத்து வரும் குழந்தைதான் மாட்டிக்கொள்ளும். அந்த ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். கடுமையான ரத்தசோகை, மஞ்சள் காமாலை, மூளைப் பாதிப்பு, சில சமயம் வயிற்றிலேயே மரணம். காரணம் புரியாமல் குழந்தைகளை வரிசையாக இழந்த தாய்மார்கள் ஒரு காலத்தில் எத்தனையோ பேர். அவர்கள் மேல் என்னென்ன பழி விழுந்திருக்கும் என்று யோசித்தாலே மனசு கனக்கிறது.

1960களில் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். ஆன்டி-டி என்ற ஆன்டிபாடியைத் தாய்க்கு முன்கூட்டியே ஊசியாகப் போட்டால், அவள் உடம்பு தானாக ஆன்டிபாடி உருவாக்க ஆரம்பிக்காது. கர்ப்ப காலத்தில் 28ஆவது வாரத்தை ஒட்டியும், குழந்தை பிறந்து 72 மணி நேரத்துக்குள்ளும் போடுகிறார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் இந்த மருந்தை மனித ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் இருந்துதான் எடுக்கிறார்கள். அதுவும் அந்த ஆன்டிபாடி நிறைய உள்ள சிலருடைய பிளாஸ்மாவில் இருந்து மட்டும். ஹாரிசன் அந்தச் சிலரில் ஒருவர். சிறு வயதில் அவருக்கு ஏற்றிய ரத்தமே காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். 1967இல் ஆஸ்திரேலியா இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் கொடையாளர்களில் அவர் இருந்தார்.

அப்புறம் 2018 மே மாதம் வரை நிறுத்தவே இல்லை. 1954இல் இருந்து எண்ணினால் மொத்தம் 1173 முறை. பெரும்பாலும் வலது கையில்தான். 64 ஆண்டுகளுக்குப் பிரித்துப் பார்த்தால் ஏறத்தாழ இருபது நாளுக்கு ஒரு முறை. பிளாஸ்மா கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, சிவப்பணுக்களைத் திரும்ப உடம்பில் ஏற்றி முடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். பிளாஸ்மா சீக்கிரம் ஊறிவிடும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். அதாவது, உடம்பு தயாராகிவிடும். மனசும் நாள்காட்டியும் தயாராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு தடவை பெரிய உதவி செய்துவிட்டு அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்கிறவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். யாரும் கைதட்டாத ஒரு வேலையை, சொன்ன தேதியில், 64 ஆண்டுகள் செய்வது வேறு வகை.

அந்த 24 லட்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது ஒரு மதிப்பீடு. ஆஸ்திரேலியாவில் தயாரான ஆன்டி-டி மருந்தில் தொகுப்புக்குத் தொகுப்பு அவருடைய பிளாஸ்மா சேர்ந்திருக்கிறது என்பதால் அப்படிக் கணக்கிட்டார்கள். கூடவே மற்ற கொடையாளர்களின் பிளாஸ்மாவும் அதில் இருந்தது. இன்றும் அந்த நாட்டில் ஆன்டி-டி கொடுப்பவர்கள் சுமார் 200 பேர்தான் இருக்கிறார்கள். இதைச் சொல்வதால் ஹாரிசனின் பெருமை ஒரு துளிகூடக் குறையாது. ஒற்றை ஆள் சாதித்தார் என்று எழுதும்போது அந்த 200 பேரும், இத்தனை ஆண்டுகள் அவர் கையைப் பிடித்து நரம்பு தேடிய செவிலியர்களும் காணாமல் போகிறார்கள். அது நியாயமில்லை.

வீடும் காணாமல் போகிறது. இரங்கல் குறிப்புகளில் எப்போதும் இரண்டு வாக்கியங்கள் தனித்தனியாக வரும். "அன்பான கணவர், தந்தை." அப்புறம், "சமூகத் தொண்டர்." ஒன்றில் இருந்து நேரத்தை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுத்தவர் போல. ஹாரிசன் விஷயத்தில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. அவருடைய மனைவியும் ரத்தம் கொடுத்தவர். மகள் ஆன்டி-டி ஊசி போட்டுக்கொண்டவர். அவருடைய பேரக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கும் அந்த மருந்து வந்து சேர்ந்தது. ஊர் பேர் தெரியாத தாய்மார்களுக்காகக் கொடுக்க ஆரம்பித்தது, பல ஆண்டுகள் கழித்து சொந்த மகளுக்கே தேவைப்பட்டது. மகளுக்கு வேண்டும் என்பதற்காக அவர் கொடுக்கவில்லை. மகள் பிறப்பதற்கு முன்பே ரத்தம் கொடுக்கத் தொடங்கியவர் அவர்.

மனைவி இறந்த பிறகும் அவர் போய்க்கொண்டுதான் இருந்தார். துக்கத்தில் இருக்கும் ஒருவர் எதையும் விட்டுவிடலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனாலும் போனார். இதைக் கடமை உணர்ச்சி என்று மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. இருவரும் சேர்ந்து நம்பிய ஒரு காரியத்தைத் தொடர்வது, இல்லாமல் போனவரோடு சேர்ந்து இருக்கிற ஒரு வழியாகவும் அவருக்கு இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

அவரைக் கடவுள் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை. கடவுள் என்று சொல்லிவிட்டால் நமக்கும் அவருக்கும் இடையே தூரம் போட்டுக்கொள்கிறோம். ஆன்டிபாடி அவருக்குத் தற்செயலாக வந்தது, சரி. ஆனால் அந்த விசேஷம் தெரிய வருவதற்கு முன்பே பத்து ஆண்டுகளுக்கு மேல் சாதாரண ரத்தக் கொடையாளராகக் கொடுத்துக்கொண்டிருந்தாரே, அதை என்ன சொல்வது? அந்தப் பழக்கம் இல்லாமல் இருந்திருந்தால் ஆராய்ச்சியாளர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. தன் ரத்தத்தில் அற்புதம் இருக்கிறது என்று தெரியாமல் கொடுத்த அந்த ஆண்டுகள்தான் என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கையின் உயர்ந்த பகுதி. அதைப் பற்றி எந்தத் தலைப்பும் வரவில்லை.

1999இல் அவருக்கு ஆஸ்திரேலிய அரசின் பதக்கம் கிடைத்தது. கின்னஸ் சாதனையும் இருந்தது, பின்னர் இன்னொருவர் அதை முறியடித்தார். முறியடிக்கப்பட்டதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். 81 வயதில், விதிப்படி இனிமேல் முடியாது என்று நிறுத்தச் சொன்னபோதுதான் வருத்தப்பட்டார். அந்தக் கடைசி நாளில் ஆன்டி-டி போட்டுக்கொண்ட தாய்மார்கள் சிலர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்தப் புகைப்படத்தை இதுவரை பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள்.

மெல்பர்ன் நகரின் வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வு நிறுவனம், அந்த நாட்டின் ரத்த சேவை அமைப்போடு சேர்ந்து, ஹாரிசனும் மற்றவர்களும் கொடுத்த ரத்த அணுக்களை வைத்து இந்த ஆன்டிபாடியை ஆய்வகத்திலேயே வளர்க்க முயன்றுவருகிறது. திட்டத்துக்கு "ஜேம்ஸ் இன் எ ஜார்" என்று செல்லப் பெயர். அது மருந்தாகத் தாய்மார்களின் கைக்கு வரும் வரை, அங்கே சுமார் 200 பேர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்க் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கொடுக்கிறார்கள்.