"அப்பாவுக்கு இன்னும் சொல்லலையா?" என்று கேட்பவர்களுக்கு

போன ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி வந்து கையைப் பிடித்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஞானஸ்நானம் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் அவள் ஒருத்திதான் விசுவாசி. "அக்கா, அப்பா எங்கிட்ட பேசிப் பதினெட்டு நாள் ஆச்சு. நரகத்தைப் பத்திச் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். இனி அவரோட ரத்தப்பழி என் மேல இல்லைன்னு ஜெபக்குழுவுல சொல்றாங்க. சரிதானக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரத்தப்பழி பைபிளில் எசேக்கியேல் 33-ல் வருகிறது. பட்டயம், அதாவது எதிரியின் வாள், வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரன் ஜனத்தின் இரத்தத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஊர்க் காவலுக்கு நிற்கிறவனுக்குச் சொன்னது அது. நாம் அந்த எக்காளத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்து அம்மாவின் காதில் ஊதுகிறோம். ஊதியாச்சு, கடமை முடிந்தது என்று போய்ப் படுத்தும் விடுகிறோம். அப்பா பதினெட்டு நாள் பேசாமல் இருப்பது நாம் சுமக்கிற சிலுவை என்று சாட்சி வேறு சொல்கிறோம். அந்தப் பதினெட்டு நாளும் அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று ஜெபக்குழுவில் யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் பேச எனக்கு என்ன தகுதி என்றால், இதில் நன்றாகத் தோற்றவள் நான்.

சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர். நர்சிங் படிக்கும்போது விடுதி ஜெபக்கூட்டத்தில்தான் ஆண்டவரை அறிந்தேன். 2004-ல் தாமிரபரணியில் ஞானஸ்நானம். எங்கள் பக்கத்தில் "வேதத்துல சேர்ந்துட்டா" என்பார்கள். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனவள், அப்பாவின் சட்டைப்பையில் அவருக்குத் தெரியாமல் ஒரு கைப்பிரதியை, சுவிசேஷம் அச்சடித்த துண்டுத்தாளை, செருகி வைத்தேன். அப்பா ஆட்டு வியாபாரி. அன்று செவ்வாய்க்கிழமை, மேலப்பாளையம் சந்தை. ராத்திரி திரும்பி வந்ததும் அதை என்னிடமே நீட்டினார். "ஏட்டி, உன் தாளா இது? பின்பக்கம் சும்மா கிடந்துச்சு, நல்லா ஒதவுச்சு." திருப்பிப் பார்த்தால் பென்சிலில் கணக்கு. கிடா 2, பெட்டை 3, வண்டி வாடகை, டீ. முன்பக்கத்தில் நித்திய அக்கினி எரிந்துகொண்டிருந்தது.

அன்று இரவு முழுக்க அழுது, இந்தக் கல்லான இருதயத்தை எடுத்துப்போடும் என்று ஜெபித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. மனுஷன் கிழித்தா போட்டார்? பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

சிரிக்க முடியாததும் ஒன்று இருக்கிறது. அதே லீவில், அம்மா எனக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது, அவள் பிறந்ததிலிருந்து கும்பிடுகிற சாஸ்தாவைப் பேய் என்று சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குழம்பை ஊற்றினாள். அப்பளம் வேணுமா என்று கேட்டாள்.

சபையில் என்னைப் பார்த்து "அப்பாவுக்கு இன்னும் சொல்லலையா?" என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐந்தாறு தலைமுறைக் கிறிஸ்தவர்கள். அவர்கள் மேல் வருத்தம் இல்லை. சாத்தான்குளம் பக்கத்து முதலூர் 1799-ல் உண்டான ஊர், புதிதாக வேதத்தில் சேர்ந்தவர்களுக்காகவே உண்டானது. அதற்குப் பிறகு திருநெல்வேலிச் சீமையில் எத்தனையோ ஊர்களில் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்தார்கள். பட்ட பாடும் கொஞ்சம் இல்லை. ஆனால் சேர்ந்து பட்டார்கள், சேர்ந்து ஜெபித்தார்கள், பெண் கொடுக்கவும் எடுக்கவும் பக்கத்திலேயே ஆள் இருந்தது. தனியாக ஒரு பிள்ளை மட்டும் வேறு பக்கம் திரும்பிய வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட உட்காரும்போது என்ன நடக்கும் என்பது அவர்கள் கேள்விப்பட்டது, அவ்வளவுதான்.

என்ன நடக்கும் என்றால், பயம் நடக்கும். நாம் "இயேசுவே வழி" என்று ஆரம்பிப்போம். அவர்கள் மனசில் ஓடுவது வேறு. இவளை யார் கட்டுவார்கள், கோயில் வரி யார் கொடுப்பார்கள், தங்கச்சி கல்யாணத்தில் இவள் தாலியைத் தொட்டுக் கும்பிடுவாளா. என்னோடு படித்த ஒரு தோழியின் அண்ணன் கேட்டது சாதிச் சான்றிதழைப் பற்றி. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியில் இருந்து கிறிஸ்தவர் ஆனவர்களுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. பின்னால் சீக்கியர்களையும் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வருவார்கள். "உன் ஆண்டவர் வந்து என் பிள்ளைக்கு சீட்டு வாங்கிக் கொடுப்பாரா?" என்று அவன் கேட்டதை அவள் தேவதூஷணம் என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அது ஒரு தகப்பனின் நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது. பதில் இல்லாத கேள்விதான். அதற்காகப் பாவமான கேள்வி ஆகிவிடுமா?

என் அப்பா ஒரே ஒரு தடவைதான் கேட்டார். "நான் செத்தா எனக்கு ஒரு மாலை போடுவியா, இல்ல அதுவும் உங்க வேதத்துல ஆகாதா?" நான் அவருக்கு, விசுவாசிக்கிறவனுக்கு நித்திய ஜீவன் என்கிற யோவான் 3:16 சொன்னேன். அவர் கேட்டது இரட்சிப்பைப் பற்றி இல்லை, மகள் கையைவிட்டுப் போய்விட்டாளா என்று கேட்டிருக்கிறார். இது எனக்குப் புரியப் பத்து வருஷம் ஆனது.

சரி, அம்மாவுக்கு வருகிறேன்.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கத்தில் ஊரே காலியாகிவிடும். எங்கெங்கோ பிழைக்கப் போனவர்களும் அன்றைக்குக் குலதெய்வ சாஸ்தா கோயிலுக்கு வந்து சேருவார்கள், பொங்கலிட்டுப் படைப்பார்கள். ஞானஸ்நானம் எடுத்த பிறகு நான் போவதை நிறுத்தினேன். படைத்ததைச் சாப்பிடவும் மாட்டேன். அன்று மட்டும் எனக்குத் தலைவலி வரும், வீட்டில் படுத்துக்கொள்வேன். அடுப்படியில் ஒரு தூக்குவாளியில் புளிசாதம் இருக்கும். முந்தின நாள் மிச்சம் போல என்று நினைத்துச் சாப்பிடுவேன்.

மிச்சம் இல்லை. ஒன்பது வருஷம் கழித்து மதினி பேச்சுவாக்கில் சொன்னார்கள். கோயிலுக்குக் கொண்டுபோகிற சாமான் எதையும் தொடுவதற்கு முன்னால், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, வேறு அரிசி, வேறு புளி, வேறு எண்ணெய் எடுத்து எனக்கென்று அம்மா தனியாகக் கிண்டி வைத்துவிட்டுத்தான் போவாளாம். "அவ சாமிக்கு ஆகாது" என்று சொல்வாளாம். தன் சாமியைப் பேய் என்று சொன்ன மகளின் சாமிக்கு.

இந்த இடத்தில் மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலக் நினைவுக்கு வருகிறார். 1895-ல் அவர் ஞானஸ்நானம் பெற்றதும் மனைவி லட்சுமிபாய் பிரிந்து போனார். ஆசாரமான பிராமணக் குடும்பம். சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோதும் அந்த அம்மாள் ஆசாரத்தை விடவில்லை. சமையல் தனி, தண்ணீர் தனி. அவர் அப்படியே இருக்கவிட்டார். 1900-ல் லட்சுமிபாயும் ஞானஸ்நானம் பெற்றார். இதைச் சொன்னால் உடனே "பார்த்தீர்களா, பொறுமையாக இருந்தால் கிடைத்துவிடும்" என்பார்கள். அதற்காகச் சொல்லவில்லை. பொறுமையையும் ஒரு தூண்டிலாக வைத்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு அது முதல் நாளே தெரிந்துவிடும். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்த இன்னொரு தண்ணீர்ப் பானைதான். அது இருக்க வீட்டில் இடம் இருந்தது.

புளிசாதக் கதை தெரிந்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். வெட்கம். அதை அன்பு என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். இது நான் செய்த இரண்டாவது தப்பு, முதலாவதை விடப் பெரியது. 2015-ல் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு ராத்திரி, பக்கத்துக் கட்டிலில் எல்லாரும் தூங்கிய பிறகு, "நீ கண்ணை மூடிட்டு என்னத்தத்தான் சொல்லுவ அவர்ட்ட?" என்று கேட்டாள். அவளாகக் கேட்டாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. நான் "உனக்குச் சுகமாகணும்னுதான்மா" என்று சொல்லிவிட்டு டிரிப்ஸ் சொட்டுகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். பழைய சண்டை திரும்ப வந்துவிடுமோ என்ற பயம். விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்று பேதுரு எழுதியிருக்கிறார். கேட்காதபோது கத்தினேன், கேட்டபோது டிரிப்ஸைப் பார்த்தேன். நான்கு நாள் கழித்து அம்மா போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்த ஒருவர் என் தோளைத் தட்டி, "கடைசிவரைக்கும் ஏத்துக்கலையே, அப்பாவையாவது விட்றாதீங்க சிஸ்டர்" என்றார். அம்மா இன்னும் நடுவீட்டில் கிடக்கிறாள். அம்மாவை ஆண்டவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. அவரிடமே விட்டிருக்கிறேன். அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் இன்னும் புரியவில்லை.

ஆகவே தங்கச்சி, சொல்லாதே என்று நான் சொல்லவில்லை. பிசாசு பிடித்துத் தெளிந்தவன் இயேசுவோடு படகில் வருகிறேன் என்றபோது, அவர் அவனை வீட்டுக்குத்தான் அனுப்பினார் (மாற்கு 5). போய் உன் ஜனத்தாரிடம், கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொல் என்றார். அவர்கள் செய்ததைப் பட்டியல் போடச் சொல்லவில்லை. இன்னொன்றும் பார். இயேசுவின் கூடப் பிறந்தவர்களே அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7:5 சொல்கிறது. முப்பது வருஷம் அவரோடு ஒரே வீட்டில் சாப்பிட்டவர்கள்! அவருக்கே அப்படி என்றால், உனக்கு எட்டு மாதத்தில் அப்பா மனந்திரும்பவில்லை என்று உன்னைக் குற்றப்படுத்துகிறவர்கள் வேதத்தை எங்கே வாசிக்கிறார்கள்?

எனக்குப் பிடித்த ஊழியக்காரி 2 இராஜாக்கள் 5-ல் இருக்கிறாள். அவளுக்குப் பெயர்கூட இல்லை. இஸ்ரவேலில் இருந்து சிறைபிடித்துக் கொண்டுபோன சின்னப் பெண், சீரியாவின் படைத்தலைவன் நாகமான் வீட்டில் வேலைக்காரி. எஜமானுக்குக் குஷ்டம். சமாரியாவில் இருக்கிற தீர்க்கதரிசியிடம் போனால் சுகமாகுமே என்று எஜமானியிடம் ஒரே ஒரு வரி சொல்கிறாள். அந்த ஒரு வரி எடுபட வேண்டுமென்றால், அதற்கு முன்னால் அந்த வீட்டில் எத்தனை பாத்திரம் துலக்கியிருப்பாள்!

அப்பாவுக்குப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி, கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். 2025 பங்குனி உத்திரம் ஏப்ரல் 11. இருபது வருஷம் கழித்து நானும் போனேன். கார் நிற்கிற இடத்திலிருந்து சாஸ்தா பீடம் வரைக்கும் மணல். கம்பு புதைகிறது. அண்ணன் பொங்கப் பானையை விட்டு நகர முடியாது. அப்பா திரும்பிப் பார்த்து, "ஏட்டி, கையக் குடு" என்றார். கொடுத்தேன். பீடம் வரைக்கும் கூட்டிப் போனேன். அவர் கும்பிட்டார். குனியும்போது அவர் பாரம் முழுக்க என் முழங்கையில் இருந்தது. நான் கும்பிடவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

ரெண்டு நாள் கழித்துக் குருத்தோலை ஞாயிறு. ஓலையோடு நிற்கிறேன், சபைப் பெரியவர் ஒருவர் வந்துவிட்டார். அண்ணன் மகன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட படம் அவர் வரைக்கும் போயிருக்கிறது. நான் நாகமான் கதையின் மிச்சத்தைச் சொன்னேன். சுகமான பிறகு அவன் அந்தத் தீர்க்கதரிசி எலிசாவிடம் ஒன்று கேட்கிறான். என் ராஜா எங்கள் ஊர்ச் சாமி ரிம்மோனின் கோயிலுக்குள் போகும்போது என் கையில்தான் சாய்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் இதை மன்னிப்பாராக என்கிறான். எலிசா நியாயப்பிரமாணம் எதுவும் எடுத்து ஓதவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது பழைய ஏற்பாடும்மா" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

அப்பாவுக்கும் அந்தக் கதை தெரியும். கோயிலில் இருந்து திரும்பும்போது காரில் அவராகத்தான் ஆரம்பித்தார். "இங்க வந்ததுக்கு உங்க ஆட்கள் உன்னை ஏசுவாங்களோ?" ஏசுவார்கள்தான் என்று சொல்லிவிட்டு நாகமானைச் சொன்னேன். யோர்தானில் ஏழு தடவை முங்கினது, ரெண்டு கோவேறு கழுதைப் பாரம் மண் கேட்டு வாங்கினது எல்லாம். மண் என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிடிமண் எடுத்துட்டுப் போயிருக்கான்" என்றார். குலதெய்வக் கோயிலில் இருந்து மண் எடுத்துப் போய் வேறு ஊரில் வைத்துக் கும்பிடுகிறவர்கள் நாங்கள். எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்காத விளக்கம் அது.

அப்பா ஞானஸ்நானம் எடுக்கவில்லை. எடுப்பாரா, தெரியாது. போன வாரம் போனில், மழை, ஆட்டுக்குக் காணை எல்லாம் பேசி முடித்த பிறகு கேட்டார்.

"அந்தப் படைத்தலைவன், அதுக்கப்புறம் அந்தக் கோயிலுக்குப் போனானா?"

"பைபிள்ல இல்லப்பா."

"அந்தப் பிள்ளை? அடிமையாக் கிடந்துச்சே, அது அவங்க ஆத்தா அப்பன்கிட்ட போய்ச் சேர்ந்துச்சா?"

"அதுவும் இல்லப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அதையில்லா மொதல்ல எழுதியிருக்கணும்" என்றார்.